குன்னூர் சார்ட் கிளாஸ்: 8 சனிக்கிழமை போய்ட்டு வந்து எழுதுற ரிவ்யூ

கோத்தகிரி பக்கத்துல எங்க ஹட்டியில, அதாவது எங்க ஊர்ல இருந்து 8 வாரம், ஒவ்வொரு சனிக்கிழமையும் காலைல பஸ் புடிச்சு குன்னூர் போய் டெக்னிக்கல் அனாலிசிஸ், அதாவது பங்கோட பழைய விலையை சார்ட்டா போட்டு அடுத்து எங்க போகும்னு பாக்கறது, அந்த கிளாஸ் ஒண்ணு படிச்சு முடிச்சிருக்கேன். இந்த ரெண்டு மாசமா ஊட்டில இருந்தும் கூடலூர்ல இருந்தும் தெரிஞ்சவங்க போன் பண்ணி "எப்படி இருக்கு, சேரலாமா, காசுக்கு தகுமா"ன்னு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. பாடம் எடுக்கறவர் பேரை இங்க போடல, விளம்பரம் மாதிரி ஆகிடும் வேண்டாம்னு அவரே சொல்லிட்டாரு. பெட்ஃபோர்ட் பக்கத்துல ஒரு வீட்டு மாடில நடக்குது, 12 பேருக்கு மேல சேர்க்கறது இல்ல, ஃபீஸ் 6500. சார் மும்பைல ஒரு பேங்க்ல ஃபாரெக்ஸ், அதாவது வெளிநாட்டு கரன்சி வாங்கி விக்கற டீலிங் ரூம்ல ரொம்ப வருஷம் வேலை பாத்துட்டு ரிட்டயர் ஆகி சொந்த ஊருக்கு வந்தவரு.

நான் ஏன் போனேன்னு முதல்ல சொல்லணும். ரெண்டு வருஷம் முன்னாடி ஆன்லைன்ல ஒரு கோர்ஸ் சேர்ந்தேன், 25000 ரூபாய், யாருதுன்னு சொல்ல விரும்பல. அதுல பாடம்னு பெருசா ஒண்ணும் கிடையாது, ஒரு குரூப்ல சேர்த்து விடுவாங்க, காலைல 9.20-க்கு மெசேஜ் வரும், இந்த ஸ்ட்ரைக் கால் ஆப்ஷன் (விலை ஏறும்னு கட்டற பந்தயம் மாதிரி) வாங்கு, இந்த விலைக்கு வித்துடுன்னு, ஜெயிச்ச நாளுக்கு ஸ்க்ரீன்ஷாட் மழை மாதிரி கொட்டும், தோத்த நாள்ல குரூப்பே அமைதியா இருக்கும், கேட்டா "உங்க மனசு சரியில்ல, சைக்காலஜி கிளாஸ் தனியா இருக்கு"ன்னு சொல்வாங்க. 7 மாசத்துல 1 லட்சத்து 40 ஆயிரம் போச்சு. அதுல பாதி, அப்பா ஃபேக்டரிக்கு பச்சைத் தேயிலை போட்டு சேத்து வெச்ச காசு. அந்த ராத்திரிங்க எப்படி இருந்துச்சுன்னு விவரமா எழுத முடியல, ஆனா அதுக்கு அப்புறம் சார்ட்னு ஒரு வார்த்தையை கேட்டாலே எனக்கு வயித்தை கலக்கும். அப்படி இருந்தவன் மறுபடியும் ஒரு சார்ட் கிளாஸுக்கு போனேன்னா, எனக்கு ஒரு கேள்விக்கு பதில் வேணும்: இது உண்மையிலேயே ஒரு வித்தையா, இல்ல மொத்தமும் ஏமாத்து வேலையா?

முதல் நாள் போனா போர்டுல ஒரு கோடு கூட இல்ல. கேண்டில்னு சொல்ற விலைப்படம் இல்ல, ஆர்எஸ்ஐ மாதிரி விலைக்கணக்கு இல்ல. சார் எங்க எல்லாரையும் பாத்து கேட்ட முதல் கேள்வி, "இந்த சார்ட் பாக்கற வேலையை ஒரு தொழில்னு உலகம் எப்பங்க ஒத்துக்கிச்சு? யாரு ஒத்துக்கிட்டா, எதை காட்டுனதுக்கு அப்புறம் ஒத்துக்கிட்டா?" யாருக்கும் பதில் தெரியல. முதல் ரெண்டு சனிக்கிழமை முழுசும் இந்த கதைதான். அருவங்காடு கார்டைட் ஃபேக்டரில இருந்து ரிட்டயர் ஆன அண்ணா ஒருத்தர் இடைவேளைல வெளிய வந்து "நான் ஹிஸ்டரி படிக்கவா வந்தேன்"னு கடுப்பாயிட்டாரு, ரெண்டு பசங்க அடுத்த வாரம் வரவே இல்ல. எனக்கும் மொத நாள் அப்படித்தான் இருந்துச்சு. இப்ப 8 வாரமும் முடிஞ்சு திரும்பி பாத்தா அந்த ரெண்டு நாளுக்கே 6500 கொடுக்கலாம்னு தோணுது, ஏன்னு சொல்றேன்.

கதை நியூயார்க்ல சார்லஸ் டோ கிட்ட இருந்து ஆரம்பிக்குது. அவரு ஒரு பத்திரிகைக்காரர், 1882-ல எட்வர்ட் ஜோன்ஸ், சார்லஸ் பெர்க்ஸ்ட்ரெஸர்னு ரெண்டு பேரோட சேர்ந்து கம்பெனி ஆரம்பிச்சாரு, 1889-ல வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பேப்பர், 1896 மே மாசம் 12 கம்பெனி விலையை கூட்டி வகுத்து ஒரே நம்பரா போட ஆரம்பிச்சாரு, நாம நியூஸ்ல கேக்கற டோ ஜோன்ஸ் அதுதான். அவரு தியரின்னு எதுவும் எழுதல, தலையங்கம்தான் எழுதுனாரு. 1902-ல அவரு இறந்ததுக்கு அப்புறம்தான் மத்தவங்க அதையெல்லாம் சேர்த்து, மார்க்கெட் எந்த போக்குல போகுதுன்னு படிக்கற முறைக்கு டோ தியரின்னு பேரு வெச்சாங்க. அடுத்து அதே பேப்பர்ல வில்லியம் பீட்டர் ஹாமில்டன், மார்க்கெட் இப்ப ஏறு முகமா இறங்கு முகமான்னு வருஷக்கணக்கா எழுதுனவரு, 1929 அக்டோபர்ல சரிவு நடந்துட்டு இருக்கறப்பவே அலை திரும்பிடுச்சுன்னு எழுதுனாரு, அதே வருஷ கடைசில இறந்தும் போயிட்டாரு.

இது வரைக்கும் எந்த யூடியூப்லயும் கிடைக்கும். இதுக்கு அடுத்து சார் சொன்னதுதான் நான் எங்கயும் கேக்காதது. ஆல்ஃபிரட் கோல்ஸ்னு ஒருத்தர், 1930-கள்ல, இந்த ஹாமில்டன் எழுதுனதையெல்லாம் எடுத்து வெச்சு, அவரு பேச்சை கேட்டு வாங்கி வித்திருந்தா என்ன கிடைச்சிருக்கும்னு கணக்கு போட்டாரு. வருஷத்துக்கு சுமாரா 12 சதவீதம். ஒண்ணுமே பண்ணாம வாங்கி வெச்சுட்டு சும்மா இருந்திருந்தா 15.5 சதவீதம். அவ்வளவுதான், மானம் போச்சு, பல வருஷத்துக்கு காலேஜ் வாத்தியாருங்க எல்லாம் இந்த கணக்கை காட்டியே சார்ட்டை மூட்டை கட்டி வெச்சாங்க. ஆனா 1998-ல பிரவுன், கோட்ஸ்மன், குமார்னு 3 பேர் அதே தலையங்கங்களை திரும்ப எடுத்து பாத்தாங்க, ஹாமில்டன் பேச்சை கேட்டவன் கணிசமான நேரம் மார்க்கெட்டுக்கு வெளியவே இருந்திருப்பான், அப்ப அவன் எடுத்த ரிஸ்க் கம்மி, அந்த ரிஸ்க்கையும் சேர்த்து பாத்தா ஹாமில்டன் மோசம் இல்ல, நல்லாவே பண்ணிருக்காருன்னு வந்துச்சு. ஒரே ஆளு, ஒரே எழுத்து, 60 வருஷம் கழிச்சு தீர்ப்பு மாறுது. சார் அந்த இடத்துல நிறுத்திட்டு, "எவ்வளவு சம்பாதிச்சன்னு மட்டும் கேக்காதீங்க, அதுக்கு எவ்வளவு ஆபத்து எடுத்தன்னும் சேர்த்து கேளுங்க"ன்னாரு. எனக்கு அந்த பழைய குரூப்போட ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு.

ரெண்டாவது வாரம் ஒரு பயிற்சி, இதை எல்லாரும் வீட்டுல பண்ணி பாருங்க. ஆளுக்கு ஒரு கிராஃப் பேப்பர், ஒரு ஒத்தை ரூபாய் காசு. 50-ல ஆரம்பிச்சு, தலை விழுந்தா ஒரு கட்டம் மேல, பூ விழுந்தா ஒரு கட்டம் கீழ, 100 தடவை சுண்டணும். வெளிய மழை, ரூம் முழுக்க காசு சத்தம், எல்லாரும் ஸ்கூல் பசங்க மாதிரி குனிஞ்சு போட்டுட்டு இருந்தோம். முடிச்சு பாத்தா என் பேப்பர்ல சுத்தமான ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ், விலை இறங்கப் போகுதுன்னு சார்ட்காரங்க சொல்ற உருவம், ரெண்டு தோள், நடுவுல தலை, நெக்லைன் உட்பட. துணிக்கடை வெச்சிருக்கற அக்கா பேப்பர்ல ட்ரிபிள் பாட்டம், ஒரே இடத்துல 3 தடவை தரை தட்டுன உருவம். நான் சொல்றது சத்தியம், அந்த படத்தை அந்த பழைய குரூப்ல போட்டிருந்தா "ஷார்ட் அடி, இறங்கப் போகுது, வித்துடு"ன்னு சொல்லிருப்பாங்க. பிரின்ஸ்டன் யுனிவர்சிட்டில பர்ட்டன் மால்கியல்னு ப்ரொஃபசர், அவரு தன் ஸ்டூடன்ட்ஸை வெச்சு இதே மாதிரி காசு சுண்டி ஒரு சார்ட் போட வெச்சு, சார்ட் பாக்கற நண்பர் ஒருத்தர்கிட்ட காட்டுனாராம், அவரு உடனே இது என்ன கம்பெனி, வாங்கணும்னு துடிச்சாராம். 1973-ல அவரு எழுதுன புத்தகத்துலதான், கண்ணை கட்டுன குரங்கு பேப்பர்ல அம்பு எறிஞ்சு பங்கு பொறுக்குனாலும் நிபுணருங்க அளவுக்கு வரும்னு எழுதுனாரு. அதுக்கு 3 வருஷம் முன்னாடி, 1970-ல, யூஜின் ஃபாமான்னு ஒரு பொருளாதார ப்ரொஃபசர் எழுதுன ஆராய்ச்சி பேப்பர், விலைலயே எல்லா தகவலும் அடங்கியிருக்கு, பழைய விலையை பாத்து அடுத்த விலையை சொல்ல முடியாதுன்னு ஆணி அடிச்ச மாதிரி சொல்லிடுச்சு.

இவ்வளவு அடி வாங்குன ஒரு தொழில் எப்படி நிமிந்துச்சுன்றதுதான் விஷயம். மால்கியல் புத்தகம் வந்த அதே 1973-ல, ரால்ஃப் அகம்போரா மாதிரி சார்ட் பாக்கற சில பேர் நியூயார்க்ல ஒண்ணு சேர்ந்து மார்க்கெட் டெக்னீஷியன்ஸ் அசோசியேஷன்னு ஒரு சங்கம் வெச்சாங்க. சங்கம் வெக்கறது பெருசு இல்ல, எவன் வேணா வெக்கலாம். அவங்க பண்ண உருப்படியான வேலை, பாடத்திட்டம் வெச்சாங்க, ஒழுங்கு விதி வெச்சாங்க, அப்புறம் பரீட்சை வெச்சாங்க, 3 லெவல், பாஸ் பண்ணாத்தான் சிஎம்டி (சார்ட்டர்ட் மார்க்கெட் டெக்னீஷியன்)ன்னு பேருக்கு பின்னாடி போட்டுக்கலாம். இன்னொரு பக்கம் 1978-ல வெல்ஸ் வைல்டர்னு ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர் ஆர்எஸ்ஐ, ஏடிஎக்ஸ், பாராபோலிக் எஸ்ஏஆர், ஏடிஆர்னு விலையை வெச்சு போடற கணக்கு எல்லாத்தையும் ஒரே புத்தகத்துல ஃபார்முலாவோட போட்டாரு. நாம இன்னைக்கு மொபைல்ல ஒரு தட்டு தட்டி போடறது எல்லாம் அங்க இருந்து வந்ததுதான். இதுல முக்கியம் ஃபார்முலா. "எனக்கு தோணுது"ன்னு சொன்னா யாரும் சோதிக்க முடியாது, 14 நாள் ஆர்எஸ்ஐ கணக்கு 30-க்கு கீழ போச்சுன்னா வாங்குன்னு சொன்னா எவனும் கணக்கு போட்டு சரியா தப்பான்னு பாத்துடலாம்.

இந்த இடத்துல எங்க கிளாஸ்ல இருந்த ஒரு அண்ணா, டீ புரோக்கர் ஆபீஸ்ல வேலை பாக்கறவரு, ஒண்ணு சொன்னாரு பாருங்க. குன்னூர்ல 1963-ல இருந்து தேயிலை ஏலம் நடக்குது. ஏலத்துக்கு முன்னாடி டேஸ்டர், அதாவது டீயை ருசி பாக்கறவரு, ஒவ்வொரு லாட்டையும் ஊத்தி, உறிஞ்சி, துப்பி, இதுக்கு இன்ன விலை வரும்னு மதிப்பு போட்டு கொடுத்துடுவாரு. ஏலத்துல நிஜ விலை வந்துடும். டேஸ்டர் சொன்னது எவ்வளவு, வந்தது எவ்வளவுன்னு விக்கறவனும் பாக்கறான், வாங்கறவனும் பாக்கறான், வாராவாரம். "நாக்குல மந்திரம் இருக்குன்னு யாரும் டேஸ்டரை நம்பறது இல்ல, முன்கூட்டியே எழுதி கொடுக்கறாரு, அப்புறம் ஒத்து பாக்க முடியுது, அதனாலதான் நம்பறாங்க"ன்னாரு. சார் எழுந்து வந்து அவருக்கு கை கொடுத்தாரு. நானும் பொறந்ததுல இருந்து இலை, ஏலம்னு கேட்டு வளந்தவன், எனக்கு இது தோணவே இல்ல. சார்ட் தொழிலும் அப்படித்தான் மரியாதை வாங்குச்சு, ரகசியம்னு மூடி வெச்சிருந்த வரைக்கும் ஜோசியம்னு சொன்னாங்க, மத்தவன் ஒத்து பாக்கற மாதிரி திறந்து வெச்சதும் பேராசிரியருங்களே உக்காந்து கணக்கு போட ஆரம்பிச்சாங்க.

அந்த கணக்குங்கள்ல 3, 4 மட்டும் சொல்றேன். 1988-ல லண்டன் ஃபாரெக்ஸ் டீலருங்ககிட்ட ஒரு சர்வே எடுத்தாங்க, டெய்லர், ஆலன்னு ரெண்டு பேர் 1992-ல அதை வெளியிட்டாங்க, குறுகிய காலத்துக்கு விலை எங்க போகும்னு யோசிக்கறப்ப சுமார் 90 சதவீதம் பேர் சார்ட்டுக்கு ஏதோ ஒரு அளவு இடம் கொடுத்தாங்க, நாள் நீள நீள அது கம்மியாகி, வட்டி, பணவீக்கம்னு அடிப்படை விஷயங்களுக்கு போயிடுச்சு. சார் இதை சொல்றப்ப குரலே மாறிடுச்சு, மும்பைல அவங்க ரூம்லயும் அதேதான், மேனேஜர் முன்னாடி எகனாமிக்ஸ் பேசுவாங்களாம், டெஸ்க்ல கிராஃப் நோட்டு இருக்குமாம். அதே 1992-ல ப்ராக், லகோனிஷாக், லபரோன் 3 பேரும் 1897-ல இருந்து 1986 வரைக்கும் டோ விலையை எடுத்து மூவிங் ஆவரேஜ் (கடைசி சில நாள் விலையோட சராசரி), பிரேக் அவுட் (பழைய உச்சத்தையோ அடியையோ தாண்டறது)னு 26 விதிகளை ஓட்டி பாத்தாங்க. வாங்குன்னு சொன்ன நாளுக்கு பின்னாடி வந்த லாபம், வில்லுன்னு சொன்ன நாளை விட அதிகமா இருந்துச்சு, வெறும் தற்செயல்னு சொல்லி தள்ளிவிட முடியாத அளவுக்கு. 1993-ல ஜெகதீஷ், டிட்மன் ரெண்டு பேரும் முந்தைய 3 மாசத்துல இருந்து 12 மாசம் வரைக்கும் நல்லா ஏறுன பங்கு அடுத்த சில மாசமும் மத்ததை விட நல்லா போகுதுன்னு காட்டுனாங்க, மொமென்டம்னு இன்னைக்கு மியூச்சுவல் ஃபண்ட் வரைக்கும் வந்திருக்கறதுக்கு வேர் அதுதான். 2000-ல எம்ஐடியோட ஆண்ட்ரூ லோ, மமைஸ்கி, வாங் கூட சேர்ந்து, மனுஷன் கண்ணை நம்பாம கம்ப்யூட்டரையே ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ், டபுள் டாப் எல்லாம் தேட விட்டாரு, 1962-ல இருந்து 1996 வரைக்கும் அமெரிக்க பங்குகள்ல. சில பேட்டர்ன்ல நிஜமாவே கொஞ்சம் தகவல் இருக்குன்னு வந்துச்சு.

ஆனா இங்கதான் சார் மேல எனக்கு முழு மரியாதை வந்துச்சு, ஏன்னா அதோட நிறுத்தல. தகவல் இருக்குன்றது வேற, அதுல காசு வரும்ன்றது வேறன்னு போர்டுல பெருசா எழுதிட்டாரு. அந்த 26 விதியை 1998-ல வேற ரெண்டு பேர் எடுத்து புரோக்கர் செலவையும் சேர்த்து பாத்தப்ப லாபம் பெரும்பாலும் செலவுலயே போயிடுதுன்னு வந்துச்சு. 1999-ல இன்னொரு ஆராய்ச்சி, ஆயிரக்கணக்கான விதிகளை ஓட்டி பாத்தா ஏதாவது ஒண்ணு நல்லா வந்துதான் தீரும், அது திறமையா அதிர்ஷ்டமான்னு எப்படி பிரிக்கறதுன்னு கேட்டுச்சு. அப்புறம் எங்க எல்லாரையும் எங்க சொந்த கான்ட்ராக்ட் நோட்டை, அதாவது ட்ரேடு பண்ணதுக்கு புரோக்கர் அனுப்பற பில்லை, எடுத்துட்டு வர சொன்னாரு. புரோக்கரேஜ், எஸ்டிடின்ற பங்கு பரிவர்த்தனை வரி, ஜிஎஸ்டி, ஸ்டாம்ப் டியூட்டி, எக்ஸ்சேஞ்ச் சார்ஜ், எல்லாத்தையும் கூட்ட வெச்சாரு. என் 7 மாச நோட்டுங்களை எடுத்து கூட்டுனா, போன 1 லட்சத்து 40 ஆயிரத்துல 31 ஆயிரத்துக்கு மேல வெறும் செலவு. நான் அதை ஒரு நாளும் பாத்தது இல்ல. கேத்தி பள்ளத்தாக்குல கேரட் போடற அண்ணா ஒருத்தர் பக்கத்துல இருந்து எட்டி பாத்துட்டு, "மேட்டுப்பாளையம் மண்டில கமிஷன், கூலி, லாரி வாடகை கழிக்காம எவனாவது லாபம் சொல்லுவானா தம்பி"ன்னாரு. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

சரி, தொழில்னு ஒத்துக்கிட்டது எப்போன்னு கேட்டாரு இல்ல, அதுக்கு அவரோட பதில் 2005. அமெரிக்காவுல ரிசர்ச் அனலிஸ்ட் ஆகணும்னா சீரிஸ் 86-ன்னு ஒரு பரீட்சை எழுதணும், பேலன்ஸ் ஷீட், வேல்யூவேஷன் எல்லாம் அதுல வரும். சார்ட் வெச்சு ரிப்போர்ட் எழுதறவங்க சிஎம்டி முதல் ரெண்டு லெவல் பாஸ் பண்ணிருந்தா அந்த பரீட்சைக்கு பதிலா ஏத்துக்கலாம்னு 2005-ல அங்க கட்டுப்பாட்டு அமைப்புங்க ஒத்துக்கிச்சு. ஒரு ரூல் மாத்துனதுல என்ன இருக்குன்னு தோணும். ஆனா 1930-கள்ல மானம் போன ஒரு வேலைக்கு, அரசாங்க மேற்பார்வைல இருக்கற அமைப்பே "இதுலயும் படிச்சு தேறுனவன், தேறாதவன்னு வித்தியாசம் இருக்கு"ன்னு சொன்னது 70 வருஷம் கழிச்சு. நம்ம ஊர்ல பங்குச்சந்தையை கண்காணிக்கற செபி 2014-ல ரிசர்ச் அனலிஸ்ட் விதிகள் கொண்டு வந்துச்சு, இந்த பங்கை வாங்கு, இதை வில்லுன்னு காசு வாங்கிட்டு சொல்றவன் சார்ட் பாத்து சொன்னாலும் சரி, பேலன்ஸ் ஷீட் பாத்து சொன்னாலும் சரி, பதிவு பண்ணிருக்கணும், என்ஐஎஸ்எம்னு அதுக்குன்னே இருக்கற பரீட்சை எழுதியிருக்கணும். செபி வெப்சைட்ல பேரை போட்டு தேடுனா பதிவு நம்பர் வந்துடும், 2 நிமிஷ வேலை. அந்த 25000 கோர்ஸ் ஆளு பேரை கிளாஸ்லயே தேடி பாத்தேன். வரல. சேர்றதுக்கு முன்னாடி அந்த 2 நிமிஷம் செலவு பண்ணிருந்தா அப்பா காசு இருந்திருக்கும். இதை படிக்கறவங்க யாராவது இப்ப ஒரு குரூப்ல இருந்தீங்கன்னா தயவு பண்ணி இப்பவே தேடி பாருங்க.

3-வது வாரம் கொடுத்த ஹோம்வொர்க் பத்தி எழுதாம விட முடியாது. உங்க வீட்டுல விலை எழுதி வெச்ச பழைய நோட்டு ஏதாவது இருந்தா அதை கைலயே சார்ட்டா போட்டு எடுத்துட்டு வாங்கன்னாரு. எங்க அப்பா 1996-ல இருந்து டைரி எழுதறாரு, எத்தனை கிலோ இலை எடுத்தோம், ஃபேக்டரி என்ன விலை போட்டுச்சு, எல்லாம் நீல மையில. நான் அந்த டைரிங்களை அது வரைக்கும் திறந்து கூட பாத்தது இல்ல. ரெண்டு ராத்திரி உக்காந்து கிராஃப் பேப்பரை ஒட்டி ஒட்டி நீளமா போட்டேன், அப்பாவும் கூடவே கம்பளி போத்திட்டு உக்காந்து விலையை படிச்சு சொன்னாரு. 1998-ல விலை உச்சியில நிக்குது, அங்க இருந்து சரசரன்னு ஒரு இறக்கம், அப்புறம் வருஷக்கணக்கா தரையோட தரையா படுத்து கிடக்கு. அந்த இறக்கத்துல ஒவ்வொரு கட்டத்துக்கும் அப்பாகிட்ட ஒரு கதை இருந்துச்சு, இங்கதான் உங்க அக்காவை காலேஜ்ல இருந்து நிறுத்தலாமான்னு யோசிச்சோம், இங்கதான் மேல் தோட்டத்தை அடகு வெச்சோம். இறங்க ஆரம்பிச்சப்ப "அடுத்த சீசன்ல ஏறிடும்"னு 3 வருஷம் நம்பிட்டே இருந்தோம்னு சொன்னாரு. ட்ரெண்டுன்னா என்னன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சது, மொபைல்ல ஆயிரம் சார்ட் பாத்தும் புரியாதது.

அதை கிளாஸ்ல விரிச்சு வெச்சப்ப சார் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் ஜப்பான் கதை சொன்னாரு, ஒசாகாவுல டோஜிமா அரிசி சந்தைக்கு 1730-லயே அரசாங்க அனுமதி கிடைச்சிருச்சு, அந்த காலத்து சகாதா ஊர் அரிசி வியாபாரி ஹொம்மா முனேஹிசாவைத்தான் விலைப்போக்கை படிக்கறதுல முன்னோடின்னு சொல்வாங்க, ஆனா கேண்டில் சார்ட்டை அமெரிக்காக்காரன் பரவலா தெரிஞ்சுக்கிட்டதே 1991-ல ஸ்டீவ் நிசன் எழுதுன புத்தகத்துக்கு அப்புறம்தான். விளையறது அரிசியோ தேயிலையோ, விலையை எழுதி வெச்சவன் வீட்டுலதான் இந்த வித்தை பொறந்துச்சுன்னாரு. அப்பாகிட்ட வந்து சொன்னேன். ஒண்ணும் சொல்லல, ஆனா அடுத்த வாரம் கிளாஸுக்கு கிளம்பறப்ப பஸ்ஸுக்கு அவரே காசு எடுத்து கொடுத்தாரு.

மிச்ச பாடம் எல்லாம், கேண்டில், சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ், மூவிங் ஆவரேஜ், ஆர்எஸ்ஐ, பொலிஞ்சர் பேண்ட், ஸ்டாப்லாஸ், அதாவது இதுக்கு கீழ போனா நஷ்டத்தோட வெளிய வந்துடணும்ன்ற விலை, அதை எங்க வெக்கறது, ஒரு ட்ரேடுக்கு எவ்வளவு காசு போடறது, இதெல்லாம் ஒழுங்கா நடந்துச்சு, வேற நல்ல கிளாஸ்லயும் கிடைக்கக்கூடியதுதான். எல்லாம் பழைய சார்ட்தான், பாடம் நடத்தறவங்க கடைசி 3 மாச விலையை காட்டக்கூடாதுன்னு செபி 2025 ஜனவரில சொல்லிடுச்சு, சார் அதை வரி மாறாம கடைப்பிடிக்கறாரு, "நாளைக்கு எது ஏறும்"னு கேட்டா பதிலே வராது. ஆப்ஷன் சொல்லி தர்றது இல்ல. முதல் நாளே செபி அறிக்கையை படிச்சு காட்டிடறாரு, 2022 நிதியாண்டுல இருந்து 2024 வரைக்கும் எஃப் அண்ட் ஓ, அதாவது ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் ட்ரேடிங் பண்ண தனிநபருங்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், 3 வருஷத்துல மொத்தமா 1.8 லட்சம் கோடிக்கு மேல. அந்த 93-ல நான் ஒருத்தன்.

குறைங்களும் இருக்கு. நோட்ஸ் எல்லாம் இங்கிலீஷ் ஜெராக்ஸ், சார் தமிழ்ல அழகா விளக்கறாரு ஆனா வீட்டுக்கு வந்து படிச்சா எனக்கே தடுமாறுது, துணிக்கடை அக்கா ரொம்ப சிரமப்பட்டாங்க, தமிழ்ல 20 பக்கம் போட்டு கொடுத்தா பெரிய உதவியா இருக்கும், நானே எழுதி தர்றேன்னு சொல்லிருக்கேன். கரண்ட் போச்சுன்னா ப்ரொஜெக்டரும் போச்சு, ரெண்டு கிளாஸ் பாதில நின்னுச்சு, அதுக்கு பதில் கிளாஸ் வெக்கல. ரூம்ல ஈரம், ஜில்லுன்னு இருக்கும், ஸ்வெட்டர் இல்லாம போகாதீங்க. ரெக்கார்டிங் கிடையாது, ஒரு வாரம் மழைல பஸ் வராம போனவங்களுக்கு அந்த பாடம் போனது போனதுதான். பேக்டெஸ்ட், அதாவது ஒரு விதியை பழைய விலைல ஓட்டி பாக்கறது, அதுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்கறாரு, அவ்வளவு நேரம் சோதிக்கணும் சோதிக்கணும்னு சொல்லிட்டு இதுக்கு ஒரு நாள் பத்தாது, 3 நாளாவது வேணும். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம், சார்கிட்டயும் சொன்னேன், அடுத்த பேட்ச்ல பாக்கலாம்னாரு.

5-க்கு 4 கொடுப்பேன், அந்த 1 பேக்டெஸ்டுக்கும் நோட்ஸுக்கும் கழிச்சது. தினமும் காசு எடுக்கணும், வேலையை விட்டுட்டு ட்ரேடிங்ல இறங்கணும்னு வர்றவங்க இங்க வராதீங்க, முதல் வாரமே எழுந்து போயிடுவீங்க. ஏற்கனவே எங்கயாவது அடி வாங்கி, இது என்னதான்னு தெரிஞ்சுக்கணும்னு இருக்கறவங்க, பேங்க், டீ கம்பெனி, மண்டின்னு விலையோட புழங்கற வேலைல இருக்கறவங்க கண்டிப்பா போங்க. நான் இப்ப ஆப்ஷன் பக்கமே போறது இல்ல. மாசம் 5000 இண்டெக்ஸ் ஃபண்டுல போகுது, அதுக்கு வெளிய சின்னதா ஒரு தொகை வெச்சு ஒரே ஒரு மூவிங் ஆவரேஜ் விதியை மட்டும், வாங்கறதுக்கு முந்தின ராத்திரியே காரணத்தையும் ஸ்டாப்லாஸையும் நோட்டுல எழுதிட்டு, பண்ணிட்டு வர்றேன். இது வரைக்கும் 9 ட்ரேடு, 4 லாபம், 5 நஷ்டம், செலவு போக 600 ரூபாய் மைனஸ். நோட்டு அப்பா டைரிங்க பக்கத்துலயே இருக்கு.

அடுத்த பேட்ச் மழை விட்டதும்னு சொல்லிருக்காரு. காலைல 10.30-ல இருந்து 3.30 வரைக்கும், நடுவுல டீயும் வர்க்கியும் உண்டு, சாப்பாடு நீங்கதான் பாத்துக்கணும், பெட்ஃபோர்ட்ல மெஸ் இருக்கு. கோத்தகிரி பக்கம் இருந்து வர்றவங்க 8.45 பஸ்ஸுக்கு ஏறிடுங்க, மூடுபனி இருந்தா லேட் ஆகும். கிராஃப் பேப்பர், பென்சில், உங்க கான்ட்ராக்ட் நோட்டுங்க, வீட்டுல பழைய விலை நோட்டு ஏதாவது இருந்தா அது, இதெல்லாம் மறக்காம எடுத்துட்டு போங்க. வழி தெரியலன்னா கேளுங்க, சொல்றேன்.